கணினியின் வேகமும் அதன் எல்லையும்



தமிழும் வரலாறும் கற்றுப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாக அவற்றையே கற்பித்துவந்த பாடசாலை அதிபர் ஒருவர் இன்று கணினியின் செயலியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். இதற்குக் காரணமானவன் எனது மகன். உயர்தர வகுப்பிற் படிக்கும் அவன், தான் சேர்த்த பணத்தோடு நான் கொடுத்ததையும் சேர்த்து, ஒருவர் பாவித்துக் கழித்த கணினியொன்றை வாங்கினான். சில மாதங்கள் கழிந்தபின் ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா, இதன் வேகத்தைச் செலவில்லாமற் கூட்டலாம், செய்யட்டுமா?" என்று கேட்டான். செலவில்லாமற் கிடைப்பது எதுவாயினும் அதற்குரிய விலை வேறெங்கேனும் மறைந்திருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் மறுத்துவிட்டேன். பின்னர் அவனோடு இருந்து நானும் இதனைக் கற்றேன். கற்றவற்றையும், இடையில் நான் செய்த தவறொன்றையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

கணினியின் உள்ளே கணக்கிடும் உறுப்பைச் செயலி என்கிறோம். கடைகளிற் புரொசெசர் என்று கேட்டாற் கொடுப்பார்கள். அது ஒரு தாளத்துக்கு அமைந்து வேலை செய்கின்றது. வித்துவான் கையினாலே தாளம் போட, ஒவ்வொரு தட்டுக்கும் உரிய சொற்கட்டு வந்து விழுவதுபோல, செயலியும் மின்துடிப்பு ஒவ்வொன்றுக்கும் தன் வேலையில் ஒவ்வொரு படியை முடிக்கின்றது. ஒரு செக்கனில் எத்தனை துடிப்புகள் என்பதே அதன் மீடிறன். எங்கள் வீட்டுக் கணினியில் இருந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3 1200 என்னும் செயலி. 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 109 டொலர் விலைக்கு வெளிவந்த மலிவான செயலி அது. நான்கு கருக்கள் கொண்டது. அதன் அடிப்படை மீடிறன் 3.1 கிகா ஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு 310 கோடி துடிப்புகள். வேலை குறைவாக உள்ளபோது தானாகவே 3.4 வரை உயரும். இந்தத் தாளத்தை நாமே விரைவுபடுத்துவதைத்தான் ஓவர்க்ளொக்கிங் என்று இளைஞர்கள் சொல்லுகின்றார்கள்.

செய்தவர்கள் ஒரு வேகத்தைக் குறித்து விற்க, அதற்கு மேலும் அது ஓடுவது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே வார்ப்பில் வரும் சில்லுகள் எல்லாம் ஒரே திறமை உடையன அல்ல. ஆயினும் விற்கும் ஒவ்வொன்றும் வெப்பமான அறையிலும் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடவேண்டும். ஆகவே செய்பவர்கள் சிறிது இடம் விட்டே வேகத்தைக் குறிக்கின்றார்கள். நல்ல சில்லுகளிற் சிலவும், சந்தைக்கு மலிவான சரக்குத் தேவை என்பதனால், குறைந்த பெயரோடு வெளிவருகின்றன.

இதற்குப் பெயர்போன சான்று 1998 ஆம் ஆண்டிலே கிடைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இன்டெல் நிறுவனம் செலரன் 300ஏ என்னும் செயலியை 149 டொலருக்கு வெளியிட்டது. 66 மெகா ஹேர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காகப் பெருக்கி, 300 மெகா ஹேர்ட்ஸில் ஓடுவது அது. அந்தப் பெருக்கியை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆனால் தாய்ப்பலகையின் தாளத்தை 66 இலிருந்து 100 ஆக மாற்றினால், அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும்! அச்செயலிகளிற் பல அவ்வேகத்திலும் தளராது ஓடின. அதே மாதம் வெளியான 450 மெகா ஹேர்ட்ஸ் பென்டியம் 2 செயலியின் விலையோ 669 டொலர். எளியவர்களின் கைக்கு உயர்ந்த பொருளின் வேகம் வந்துசேர்ந்தது. இந்தக் கலை உலகெங்கும் பரவுவதற்கு அச்செயலி ஒரு பெருங்காரணமாயிற்று.

இனி, இதனைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. முதலாவது, உங்கள் செயலியும் தாய்ப்பலகையும் இதற்கு இடந்தருவனவா என்பது. ரைசன் 3 1200 இன் பெருக்கி பூட்டப்படாதது. ஆயினும் பி350 வகைத் தாய்ப்பலகை அதனை மாற்ற விடும். மலிவான ஏ320 வகை விடாது. இன்டெல் செயலிகளிற் பெரும்பாலும் பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்து உள்ளவையே திறந்தவை. இரண்டாவது, உத்தரவாதம். வேகத்தைக் கூட்டியதனால் வந்த சேதத்திற்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்பதில்லை. கடன்பட்டு வாங்கிய புதுக்கணினியில் இதைச் செய்யாதீர்கள். மூன்றாவது, மின்வழங்கி. பெயர் தெரியாத மலிவான பெட்டி கூடுதற் சுமையைத் தாங்காது. நான்காவது, குளிர்விப்பான். அதன் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை நீக்கிப் புதிதாகப் பூசவேண்டும். எங்கள் கணினியில் இந்த ஒரு வேலையினாலேயே வெப்பநிலை 9 பாகை இறங்கிற்று. ஐந்தாவதாக, கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்து, கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். இந்த ஐந்தாவதைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கும்.

நம் நாட்டவர் நினைவிற் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. குளிர்விப்பான் செயலியின் வெப்பத்தை அறைக் காற்றுக்கே கொடுக்கின்றது. குளிர்நாட்டில் 20 பாகை உள்ள அறையிற் சோதித்தவர் 70 பாகை கண்டால், சித்திரை மாதத்து 32 பாகை அறையில் நாம் ஏறக்குறைய 82 பாகை காண்போம். பிறருடைய கணக்கை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுதல் ஆகாது.

மகனுக்கு நான் விதித்த நிபந்தனை ஒன்றே. ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கி, செய்வது ஒவ்வொன்றையும் அதில் எழுதவேண்டும் என்றேன். முதற் பக்கத்தில், எதனையும் மாற்றாத நிலையில் வெப்பநிலை எவ்வளவு, வோல்ற்றளவு எவ்வளவு, ஒரு குறித்த வீடியோவை மாற்றி எழுத எத்தனை நிமிடம் என்பவற்றைப் பதிந்தோம். அந்த வேலைக்கு 50 நிமிடம் சென்றது. அளவு தெரியாமற் கூட்டத் தொடங்கினால், கூடியது எவ்வளவு என்பதும் தெரியாது.

பின்னர் கணினி விழிக்கும்போது தோன்றும் பயோஸ் என்னும் அமைப்புத் திரைக்குட் சென்றோம். அங்கே பெருக்கி 31 ஆக இருக்கும். அதனை 100 மெகா ஹேர்ட்ஸாற் பெருக்க 3100 வரும். பெருக்கியைக் கையால் நிறுத்தினால் தானாக 3.4 வரை உயரும் வழக்கம் நின்றுவிடும். ஆகையால் 3.4 இற்குக் கீழே நிறுத்துவதிற் பயனில்லை. 34 இலே தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறினோம். வோல்ற்றளவை 'ஆட்டோ' என்று விட்டுவிடக்கூடாது. சில தாய்ப்பலகைகள் வேகம் கூடுவதைக் கண்டதும் வேண்டியதற்கு மேலான வோல்ற்றைத் தாமே கொடுத்துவிடும். அதனையும் கையாலேயே குறித்து வைத்தோம்.

ஒவ்வொரு படியிலும் பதினைந்து நிமிடம் கடுஞ்சோதனை. அதற்குப் பிரைம் 95 என்னும் செயல்நிரல் உதவும். பெரிய பகாவெண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அது, விடை தெரிந்த பெருங்கணக்குகளைச் செய்வித்து, வந்த விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் நிறுத்திவிடும். சோதனை நடக்கும்போது எச்.டபிள்யூ.இன்ஃபோ என்னும் மற்றொரு செயல்நிரலில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இச்செயலி 95 பாகையில் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நாங்கள் 80 பாகையையே எங்கள் வேலியாக வைத்துக்கொண்டோம். சோதனையிற் பிழை வந்தால் இரண்டே வழி: ஒரு படி இறங்குவது, அல்லது வோல்ற்றளவை 0.025 கூட்டி மீண்டும் சோதிப்பது. அன்றாடப் பாவனைக்கு 1.35 வோல்ற்றே ஏற்ற மேலெல்லை என்று ஏ.எம்.டி. நிறுவனத்தின் வழிகாட்டலும் கூறியது. ஒருமுறை கணினி விழிக்கவேயில்லை. மகன் முகம் வாடிவிட்டது. மின்னிணைப்பைக் கழற்றி, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலத்தைச் சிறிது நேரம் எடுத்து வைத்தபின், அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்கு மீண்டன. பெருக்கியை அளவுக்கு மேலே உயர்த்தினாற் கணினி நின்றுவிடும். பெரும்பாலும் வேறு கெடுதி வராது. செயலியைக் கெடுப்பது அளவுமீறிய வோல்ற்றளவும் வெப்பமுமே. அவை சில்லின் உள்ளே மயிரினும் நுண்ணிய உலோக இழைகளை நாளடைவில் அரித்துவிடும்.

3.7 கிகா ஹேர்ட்ஸ் வேகத்தில் 1.275 வோல்ற்றோடு கணினி பிழையின்றி ஓடிற்று. வெப்பநிலை 74 பாகை. 3.8 இற்கு ஏற வேண்டுமாயின் 1.35 வோல்ற்று தேவைப்பட்டது. வெப்பநிலை 84 பாகை ஆயிற்று. இங்கே மகனிடம் ஒரு கணக்குச் செய்யச் சொன்னேன். செயலியின் மின்செலவு மீடிறனோடு நேராக உயரும். வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் உயரும். அவ்வாறு பார்க்கையில், 3.7 இலிருந்து 3.8 இற்குச் செல்லும்போது கூடும் வேகம் நூற்றுக்கு மூன்றிலும் குறைவு. கூடும் வெப்பமோ நூற்றுக்குப் பதினைந்து! கணக்கை முடித்ததும் அவன் ஒன்றும் பேசாமற் கொப்பியில் 3.7 என்று எழுதி, அதன் கீழே கோடிட்டான். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றவனுக்கு அந்தக் கோடு தந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எனது தவறு. மறுநாள் மாலை அவன் நினைவகத்தின் வேகத்தையும் 2400 இலிருந்து 2933 ஆக மாற்றினான். "அப்பா, இன்றிரவு முழுவதும் சோதனை ஓடட்டும். நாளைக்கு நீங்கள் பாவிக்கலாம்" என்றான். எனக்கோ தவணைப் பரீட்சைப் புள்ளிகளை மறுநாட் காலைக்குள் முடிக்கவேண்டியிருந்தது. "நேற்றுச் சோதித்தது போதும், தம்பி, எழும்பு" என்று அவனை எழுப்பிவிட்டு நான் இருந்தேன். ஆறு வகுப்புகளின் புள்ளிகளை நடுநிசி வரை பதிந்தேன். காலையிற் கோப்புத் திறக்கவில்லை. பிரதியும் எடுத்திருக்கவில்லை. ஆசிரியர்கள் மையால் எழுதிய தாள்கள் இருந்தபடியால், மேலும் இரண்டு இரவுகள் விழித்திருந்து மீண்டும் பதிந்தேன். பின்னர் நினைவகத்தைச் சோதித்தபோது, அரைமணி நேரத்துக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட பிழைகள் தோன்றின. பழைய வேகத்துக்கு மாற்றியதும் ஒரு பிழையும் இல்லை.

அந்த இரண்டு இரவுகளும் என்னை வருத்தியது களைப்பன்று. கோப்புத் திறக்காமற் போனது நன்மையே என்று நினைத்தேன். அது திறந்திருந்து, உள்ளே ஒரு பிள்ளையின் 71 என்னும் புள்ளி 31 என்று மாறியிருந்தால் யாருக்குத் தெரியவரும்? அந்தப் பிள்ளை தாயிடம் ஏச்சு வாங்கியிருக்கும்; நான் கையொப்பமிட்டிருப்பேன். நின்றுபோகும் கணினி தன் பிழையைத் தானே சொல்லிவிடுகின்றது. ஓடிக்கொண்டே பிழைவிடும் கணினிதான் அஞ்சத்தக்கது. மகனுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்துப் பொறுமை கற்பித்த நானே, அவன் பொறுமையோடு இருந்த வேளையில் அதனைக் கைவிட்டேன். அன்று காலையில் அவனிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

ஆகவே நேயர்களே, இதிற் புகுவோர் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுங்கள். இறுதி அளவை முடிவுசெய்தபின் ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். நினைவகத்தைத் தனியே சோதியுங்கள். அது முடியும்வரை பிறருக்குரிய எதனையும் அக்கணினியில் வைக்காதீர்கள். பாடசாலைக் கணினி, அலுவலகக் கணினி, கணக்குப் புத்தகம் உள்ள கடைக் கணினி ஆகியவற்றில் இதனைச் செய்யவே வேண்டாம். அண்மைக்காலச் செயலிகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து, உள்ள இடத்தின் பெரும்பகுதியைத் தாமே பயன்படுத்திக்கொள்கின்றன. அவற்றில் நம் கைக்கு மிஞ்சுவது சொற்பமே.

எங்களுக்குக் கிடைத்த பயன் என்ன? 50 நிமிட வேலை இப்போது 43 நிமிடத்தில் முடிகின்றது. ஏழு நிமிடம் பெரிதன்று. ஆனால் இசை பயிலும் பிள்ளை முதற்காலத்தில் உறுதிபெற்ற பின்னரே இரண்டாங்காலத்துக்குச் செல்லவேண்டும் என்பதையும், சொற்கட்டுச் சிதையும் இடத்தில் தாளத்தைத் தாழ்த்துவது இழுக்கல்ல என்பதையும், அந்த மலிவான செயலியை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கற்றோம். கொப்பி இன்னும் மேசையில் இருக்கின்றது. நினைவகத்துக்குரிய பக்கத்தில், பழைய அளவாகிய 2400 இன் கீழே, மகன் ஒரு கோடு இட்டிருக்கின்றான். அதன் பக்கத்திற் கையொப்பம் வைத்தவன் நான்.