யாருடைய வீடு, யாருடைய தெரு

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில குமாஸ்தா. வீட்டுக் கடன் கோப்புகள் என் மேசை வழியாத்தான் போகும். எங்கள் கோப்பில் வீடு என்பது அடமானச் சொத்து. சதுர அடி, சந்தை மதிப்பு, மாதத் தவணை. அந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள், எத்தனை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. குடியிருப்புப் பகுதியில் இருக்கிற வீடுகளை ரெண்டு நாள், மூணு நாள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதை நகரங்கள் எப்படி முறைப்படுத்துகின்றன என்று பேசச் சொன்னார்கள். ‘இதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்’னு ஒரு தோழர் கேட்டார். ஒரு ஊரை வைத்துச் சொல்கிறேன். சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ். அங்கே த்ரெமே என்றொரு பகுதி. அந்த நாட்டின் மிகப் பழைய கறுப்பர் குடியிருப்புகளில் ஒன்று. அதை ஒட்டிய காங்கோ சதுக்கத்தில்தான் அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசடித்து ஆடினார்கள். ஜாஸ் இசையின் வேர்களில் ஒன்று அந்த மண்ணில் இருக்கிறது. 1966-ல் அப்பகுதியின் கடைவீதியான க்ளெய்பர்ன் அவென்யூவில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டினார்கள். மேலே நெடுஞ்சாலைப் பாலம் வந்தது, கீழே கடைகள் செத்தன. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். நகரத்தின் ஐந்தில் நான்கு பாகம் தண்ணீரில். 2007 டிசம்பரில் ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளை இடிக்க நகரசபை ஒருமனதாக வாக்களித்தது. சுமார் 4,500 வீடுகள். எதிர்த்து வந்தவர்கள்மேல் போலீஸ் மிளகுப் புகை அடித்தது.

பாலம், புயல், புல்டோசர். இத்தனைக்கும் அப்புறம் வந்தது, வாசக்கதவில் தொங்கும் சின்னச் சாவிப்பெட்டி.

2017 ஏப்ரலில் நகரம் குறுங்கால வாடகையைச் சட்டபூர்வமாக்கியது. ஒரு வகை உரிமத்தில், உரிமையாளர் அங்கே குடியில்லாமலே முழு வீட்டையும் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை விடலாம். கணக்கு எளிது. குடித்தனக்காரர் ஒரு மாதத்துக்குத் தருவதை, திருவிழாக் காலத்தில் பயணிகள் சில இரவுகளில் தந்துவிடுவார்கள். அப்புறம் குடித்தனக்காரர் எதுக்கு? எந்த மக்களின் இசையைக் கேட்க ஊருக்கு வருகிறார்களோ, அந்த மக்களையே வெளியேற்றி, அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டு இசை கேட்கிறார்கள்.

மக்கள் போராடினார்கள். 2019-ல் விதி மாறியது. குடியிருப்புப் பகுதியில் உரிமம் வேண்டுமென்றால் அது நீ வாழும் வீடு என்று வரிச்சலுகைப் பதிவால் நிரூபிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் கேளுங்கள்: வெளிமாநிலச் சொத்துக்காரருக்கு எதிரான பாகுபாடு! 2023 மார்ச்சில் மறுபடி புது விதி: ஒரு தெருச் சதுக்கத்துக்கு ஒரு உரிமம், பல பேர் கேட்டால் குலுக்கல், நடத்துபவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதன்மேலும் வழக்கு.

மற்ற நகரங்களும் சும்மா இல்லை. ஆம்ஸ்டர்டாம் 2019-லிருந்து, சொந்த வீட்டை விடுமுறைக்கு விட ஆண்டுக்கு 30 இரவுதான் என்று எண்ணிக்கை வைத்தது. பார்சிலோனா மேயர் 2024 ஜூனில், நகரத்தின் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று அறிவித்தார். நியூயார்க் 2023 செப்டம்பரில் ஒரு விதியை அமலாக்கியது. முப்பது நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, பதிவு எண் வேண்டும். பதிவு எண் இல்லாத வீட்டுக்கு இணைய நிறுவனம் பணம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. குமாஸ்தாவாகச் சொல்றேன், இந்தக் கடைசி விதியில்தான் பல் இருக்கு. வீடு வீடாக ஆய்வாளரை அனுப்பினால் ஒன்றும் ஆகாது. பணம் போகும் கவுன்ட்டரை மூடு, தானா நிற்கும்.

சரி, கட்டுப்பாடு வந்துவிட்டால் நியாயம் வந்துவிட்டதா? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த விதிகளைக் கேட்பவர்கள் எல்லோரும் த்ரெமே மக்கள் அல்ல. வசதியானவர்களின் சங்கங்களும் கேட்கின்றன. அவர்கள் சொல்லும் வார்த்தை ‘குடியிருப்பின் தன்மை’, ‘அந்நியர் நடமாட்டம்’. இந்த வார்த்தைகளுக்கு வரலாறு உண்டு. 1924-ல் இதே நியூ ஆர்லியன்ஸ், வெள்ளையர் பகுதியில் கறுப்பர் வீடு எடுக்க முடியாதபடி சட்டம் போட்டது. 1927-ல் உச்சநீதிமன்றம் அதை அடித்தது. சட்டம் போனது. வார்த்தை போகவில்லை.

இன்னொரு பக்கம், விருந்தினர். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015-ல் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஒரே மாதிரி வேண்டுகோளை வெவ்வேறு பெயர்களில் ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு அனுப்பினார்கள். கறுப்பர் பெயர் என்று தெரியும் பெயர்களுக்குச் சம்மதம் 16 சதவீதம் குறைவாக வந்தது. பெயரைப் பார்த்தே கதவு சாத்துவது. இதுக்கு நமக்கு விளக்கவுரை தேவையில்லை. வேலை மாற்றலாகிப் போன ஊரில் நான் வீடு தேடியபோது, முன்பணம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னாலேயே ‘சார், நீங்க என்ன ஆளுங்க’ என்றுதான் கேட்டார்கள்.

அப்படி மறுக்கப்பட்ட ஒரு கறுப்பர் 2016-ல் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். சேரும்போது நீ ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி இது நடுவர் மன்றத்துக்குத்தான் போகணும் என்றது நீதிமன்றம். வெளிமாநிலச் சொத்துக்காரருக்கு நடந்தால் பாகுபாடு, திறந்த நீதிமன்றம், ரத்து. கறுப்பருக்கு நடந்தால் மூடிய அறை.

இதைவிட நுட்பமான ஒரு ஓட்டை இருக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டம், தங்கும் விடுதிகளில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது. ஆனால் வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியிருந்து, ஐந்து அறைக்கு மிகாமல் விட்டால் அந்தப் பிரிவு அவரைக் கட்டாது. இப்போது யோசியுங்கள். தெருவைக் காப்பாற்ற நகரங்கள் போடும் சிறந்த விதி, ‘வீட்டுக்காரர் கூடவே குடியிருக்கணும்’ என்பது. அந்த விதி வாடகைத் தொழிலைக் கொண்டுபோய் வைக்கிற இடம், பாகுபாட்டுத் தடையில் விலக்குப் பெற்ற அதே இடம். ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை எடுத்துக்கொள்கிறது.

அதற்காக விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விதி வேண்டும். வீட்டு வரி கட்ட முடியாமல் பின்னறையை வாடகைக்கு விடும் த்ரெமே மூதாட்டியையும், தெருவில் பாதியை வாங்கிப் பூட்டிவைத்த கம்பெனியையும் ஒரே தராசில் வைக்காத விதி. காலியாகும் வீட்டில் மறுபடி குடித்தனம் வருமா, என்ன வாடகைக்கு வரும் என்று கேட்கும் விதி. கூடவே, கதவைத் தட்டுகிறவர் பெயரைப் பார்த்துச் சாத்தினால் உரிமம் போகும் என்று சொல்லும் விதி.

மூன்றில் முதலிரண்டைத்தான் நகரங்கள் அதிகம் பேசுகின்றன. மூன்றாவதை யார் பேசுவார்கள்? கதவு சாத்தப்பட்டவர்கள்தான் பேச வேண்டியிருக்கிறது, எந்த ஊரிலும்.