கைக்குப் பதில் சொல்லும் பொத்தான்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



கருவிகளிலும் கம்ப்யூட்டர் திரையிலும் வரும் பொத்தான்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பொத்தானில் பேச என்ன இருக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். சில இடங்களில் உயிரே இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். அதன்பிறகு விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார்! விமானம் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகும். பழி விமானி மேல் விழுந்தது. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானியை விட்டுவிட்டு, அவர் உட்காரும் அறையைப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கை மடிப்புக்கான சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. என்ன செய்தார் தெரியுமா? ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டு. கை தொட்டவுடனே எது எதுவென்று தெரிந்துவிட்டது. இன்றும் விமானங்களில் அந்த நெம்புகோலின் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

அடுத்தது 1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையம். திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது, "மூடு" என்ற கட்டளை போனதை மட்டுமே! இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

நல்ல உதாரணத்துக்கு நம் வாக்குப்பதிவு இயந்திரத்தையே பாருங்கள். பெயர், சின்னம், அதே வரிசையில் நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு, பீப் சத்தம், கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும் சீட்டு. மறுபடி அழுத்தினாலும் இன்னொரு ஓட்டு விழாது. பார்வையற்றோருக்குப் பிரெயில் எண் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் யார் துணையும் இல்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் "பணம் அனுப்பு" என்று ஒரு பொத்தான் வைப்பீர்கள். அழுத்தின பிறகு திரை சும்மா நின்றால் மனுஷன் என்ன செய்வான்? மறுபடி அழுத்துவான். அதனால் முதல் அழுத்தத்திலேயே பொத்தான் மங்கட்டும். "அனுப்புகிறோம்" என்று சொல்லட்டும். வங்கியிலிருந்து பதில் வந்த பிறகுதான் "சென்றது" என்று சொல்ல வேண்டும். இது த்ரீ மைல் தீவு சொன்ன பாடம். "சேமி" பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே அளவில் "அழி" வைக்காதீர்கள். இது பி-17 சொன்ன பாடம்.

உங்கள் ப்ராஜெக்டை ஒப்படைப்பதற்கு முன் ஹாஸ்டல் மெஸ் அண்ணன் கையில் ஒருமுறை கொடுங்கள். வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே திருத்த வேண்டியது உங்கள் வேலை. "அவருக்குத் தெரியலை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.