அடுப்பின் திறனை அளப்பது எப்படி?

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)

வீட்டு அடுப்புகளை ஒப்பிடுகையில் நாம் முதலில் நாடுவது வெப்பத்திறன் விழுக்காட்டையே. எரிபொருளிலுள்ள வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்தை அடைந்தது என்பதே அதன் பொருள். சாதாரண மண் அடுப்பில் இது ஏறக்குறைய 10 விழுக்காடு; எரிவாயு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கோருவது குறைந்தது 68.

இவ்வேறுபாட்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகில் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. பாத்திரத்தை அடைவது 400. ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 11,000. அடைவது ஏறத்தாழ 7,500. ஆகவே, 14.2 கிலோ உருளை ஒன்று செய்யும் வேலைக்கு 260 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அவ்விறகைத் தலைச்சுமையாகக் கொணர்பவர் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விறகடுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்த விழுக்காடு நம்மை ஏமாற்றக்கூடும். அது இரண்டு அளவுகளின் பெருக்கல். விறகு எவ்வளவு முழுமையாக எரிகிறது என்பது ஒன்று. எழுந்த வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்துக்குச் செல்கிறது என்பது மற்றொன்று. பாத்திரத்தைத் தீயோடு நெருக்கிக் காற்றுவழியைக் குறுக்கினால் இரண்டாவது உயரும். ஆனால் சுடர் எரிந்து முடியுமுன்பே பாத்திரத்தில் பட்டுக் குளிர்வதால் முதலாவது தாழும். கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் மிகும். பெருக்குத்தொகை உயர்ந்திருக்கும், விறகும் மிச்சப்படும், அடுப்பும் தேர்வில் வெற்றி பெறும். சமைப்பவரின் நுரையீரல் மட்டும் கணக்கில் வராது. 2013-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் திறனோடு நுண்துகளுக்கும் வரம்பு விதித்தது இதனாலேயே பொருத்தமானது. அது கோரும் திறன், விசிறியில்லா விறகடுப்புக்கு 25 விழுக்காடு, விசிறியுள்ளதற்கு 35.

மின்தூண்டல் அடுப்பின் திறன் 85 விழுக்காட்டை எட்டும். எனினும் நிலக்கரி அனல்மின் நிலையம் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. கணக்கை அங்கிருந்து தொடங்கினால் மொத்தத்திறன் 30-க்குக் கீழே இறங்கும். ஆயினும் அடுக்களையில் புகை இல்லை. என் மதிப்பீட்டில் அதுவே பெரிது.

1983 முதல் 2002 வரை நடைபெற்ற தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. பராமரிப்பின்றிப் பல கைவிடப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் நீரைக் கொதிக்க வைத்துப் பெற்ற எண், ஈர விறகும் அடைபட்ட புகைபோக்கியும் உள்ள வீட்டில் நிலைக்காது. எனவே களத்துக்குச் செல்லும்போது தராசு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். காலையில் விறகை நிறுத்து வையுங்கள். மறுநாள் மீதியை நிறுத்து, உண்டவர் எண்ணிக்கையால் வகுங்கள். சில நாட்கள் தொடருங்கள். எரிவாயு வந்த வீடாயினும், வெந்நீருக்கு எரியும் புறக்கடை அடுப்பின் விறகையும் விடாது நிறுங்கள்.