காற்றுப் பட்டால் சாகும் கிருமி



ஐப்பசி, கார்த்திகை மழையில் பூந்தமல்லி, திருமழிசை, ஆவடிப் பக்கம் மாட்டுக் கொட்டகையெல்லாம் சேறாகிவிடும். சேற்றிலும் சாணியிலும் நாள் முழுக்க நின்றால் குளம்பின் இடுக்குத் தோல் ஊறிப்போகும். கல்லோ முள்ளோ கீறினால் போதும், குளம்பு அழுகல் நோய் வந்துவிடும். மாடு நொண்டும், குளம்புக்கு மேலே வீங்கும், நாற்றம் அடிக்கும், பால் குறையும். வாயிலும் கொப்புளம் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். அது வைரஸ் நோய், வேறு வைத்தியம்.

குளம்பு அழுகலுக்கு முக்கியக் காரணம் ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி. மாட்டின் வயிற்றிலேயே இருந்து சாணியோடு வெளியே வருவது. ஆக்சிஜன் இதற்கு ஆகாது. ஆகவே புண்ணின் ஆழத்தில் பதுங்கிக்கொள்ளும். காற்றில்லாமல் வாழும் உயிர்கள் உண்டு என்று லூயி பாஸ்டர் 1861-லேயே கண்டறிந்தார்.

"மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கிப் போட்டேன், கேட்கவில்லையே" என்கிறீர்களா? ஜென்டாமைசின் போன்ற மருந்து கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும். இந்தக் கிருமி பதுங்கியிருக்கும் இடத்தில் அது ஏது? காசும் போச்சு, நாளும் போச்சு. புண் மூட்டுவரை இறங்கினால் மாடே பயனற்றுப் போகலாம்.

ஆரம்பத்திலேயே கால்நடை டாக்டரிடம் காட்டினால் பெனிசிலின் போன்ற மருந்திலேயே பெரும்பாலும் குணமாகும். ஆறாத புண்ணுக்குத்தான் பரிசோதனை தேவைப்படும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேல் சீழைப் பஞ்சில் துடைத்து அனுப்பினால், உண்மையான குற்றவாளி வழியிலேயே செத்துப்போகும். கூட இருந்த வேறு கிருமி வளரும். அதற்கான மருந்தைத்தான் முடிவு காட்டும். ஆகவே டாக்டர் ஆழத்துச் சீழை ஊசியில் உறிஞ்சி, காற்றுப் புகாமல் உடனே அனுப்புவார். ஐஸில் வைக்கக் கூடாது. மருந்து போடுவதற்கு முன்னாலேயே எடுப்பது நல்லது.

பரிசோதனைக்கூடத்தில் ஆக்சிஜன் நீக்கிய ஜாடியில் கிருமியை வளர்ப்பார்கள். குறைந்தது 2 நாள் ஆகும். பிறகு மருந்தை இரட்டிப்பு அளவுகளில் கலந்து, எந்தக் குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த முடிவைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுவார்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. கொட்டகையில் தண்ணீர் தேங்காமல் மேடாக்குங்கள். மாடு நொண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட பிறகு, டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.