ஒரே கணக்கு, இரு விடைகள்



இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை நம் பினாங்கில் 1972ஆம் ஆண்டு நிறுவியது. ஆதலின் சில்லு நமக்குப் புதிய பொருளன்று. எனினும், அது பின்னங்களை எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் பதினாறில் ஒன்றை மாகாணி என்றனர். இருபதில் ஒன்றை மா என்றனர். ஒன்றை நான்கு முறை பாதியாக்கினால் மாகாணி கிடைத்துவிடும். ஆகவே இரும எண்ணில் அதனைக் குறைவின்றி எழுதலாம். மாவோ அவ்வாறன்று, அதன் இரும இலக்கங்கள் முடிவின்றி நீள்வன. கணினி அவற்றை ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும்.

எங்கே நிறுத்துவது? 1980இல் வெளிவந்த இன்டெல் 8087 என்னும் கணக்குச் சில்லு, ஓர் எண்ணின் இலக்கங்களை 64 பிட் வரை வைத்திருக்க வல்லது. 53 பிட்டோடு நிறுத்துமாறும் அதற்கு ஆணையிடலாம். அதன் வழிவந்த சில்லுகளில் இவ்வாணையைத் தொடக்கத்தில் இடுவது இயங்குதளமே. லினக்ஸ் 64 என்றது. 32 பிட் பிரீபிஎஸ்டி 53 என்றது.

ஒன்றை அறுபது முறை பாதியாக்கிக் கிடைக்கும் துணுக்கை ஒன்றோடு கூட்டுங்கள். பின்னர் ஒன்றைக் கழியுங்கள். 64 பிட்டில் துணுக்கு எஞ்சும்; 53 பிட்டில் சுழியே எஞ்சும். எழுபது முறை பாதியாக்கிய துணுக்காயின் 64 பிட்டும் அதனைக் கைவிட்டுவிடும்.

பிரீபிஎஸ்டி, லினக்ஸின் வேடம் பூண்டு அதன் நிரல்களை இயக்கவல்லது. வேடம் பூண்ட தளம் இந்தத் தொடக்க ஆணையையும் உடன் ஏற்காவிடில், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே விடை மாறும். இன்றைய 64 பிட் நிரல்கள் பெரும்பாலும் வேறு வகைக் கட்டளைகளால் 53 பிட்டில் கணக்கிடுவதால் இச்சிக்கல் அருகிவிட்டது. ஆயினும், பழைய நிரலைப் புதிய கணினியில் போலச்செய்யும் மென்பொருள்வழி ஓட்டுவோர் இதனை இன்றும் எதிர்கொள்ளக்கூடும்.

ஆகவே, கடைசி இலக்கங்களில் விடை வேறுபட்டமைக்காக மாணவரைக் கடிதல் முறையன்று. எத்தனை பிட்டில் கணக்கிட்டாய், எத்துணை வேறுபாட்டை ஏற்பாய் என வினவுவோம். மாணவர்களே, விடையோடு அதன் துல்லியத்தையும் எழுதப் பழகுங்கள். அளவுகோலைக் கூறாத அளவு முழுமையான விடையாகாது.