அறிவு யாருடைய உடைமை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் நடனமும் நிறைந்திருத்தல் இயல்பு. அவற்றினிடையே ஆய்விதழ், பதிப்புரிமை, சந்தா என்று பேசத் தொடங்கினால், அலுவலகக் கோப்பைக் கொணர்ந்து விழாப் பந்தலில் விரிக்கிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இது நம் இல்லங்களைத் தொடுகின்ற பொருளே. ஆராய்ச்சிப் பட்டத்திற்கு உழைக்கும் மகனோ மகளோ நம்மில் பலர் வீட்டில் உண்டு. தம் நோயைப் பற்றி மருத்துவ உலகம் புதிதாக என்ன கண்டறிந்துள்ளது என்று இணையத்தில் தேடும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் உண்டு. தேடிய கட்டுரை கிடைக்கும். அதன் சுருக்கம் தெரியும். முழுவதும் படிக்க வேண்டுமெனில் முப்பது டாலர், நாற்பது டாலர் கட்டுக என்றொரு அறிவிப்பு வாயிற்காவலன் போல் குறுக்கே நிற்கும். அந்த வாயிலைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க விழைகின்றோம்.

ஆய்விதழ் என்பது பழைமையான அமைப்பு. 1665ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும் இலண்டன் நகரிலும் முதல் இதழ்கள் தோன்றின. ஓர் அறிஞர் கண்ட உண்மையைப் பிற அறிஞர் அறிந்து, சோதித்து, மேலே கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். காலப்போக்கில் இவ்விதழ்களுள் பல பெரிய வாணிக நிறுவனங்களின் கைக்கு வந்து சேர்ந்தன.

அந்த வாணிகம் நடைபெறும் முறையைச் சற்று நோக்குவோம். பேராசிரியர் ஒருவர் அரசு தரும் ஊதியத்தில், அரசு தரும் நிதியைக் கொண்டு ஆராய்கிறார். முடிவைக் கட்டுரையாக எழுதி இதழுக்கு அனுப்புகிறார். கட்டுரைக்கென அவர் பெறும் சன்மானம் எதுவும் இல்லை. அதனைப் படித்துக் குறை நிறை கூறும் பிற அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். பின்னர்ப் பேராசிரியர் பதிப்புரிமையைப் பதிப்பகத்தார்க்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். இறுதியில் அவர் பணிபுரியும் பல்கலைக்கழகமே அக்கட்டுரையைப் படிப்பதற்குச் சந்தா கட்டுகிறது. தன் வயலில் தானே உழுது, தானே களையெடுத்து, நெல்லை விலையின்றிக் கொடுத்துவிட்டு, அரிசியைக் கடையில் விலைக்கு வாங்கும் உழவனை நாம் எங்கேனும் கண்டதுண்டா? கல்வியுலகில் அத்தகைய உழவர் ஏராளம்.

இவ்வழக்கு நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே நீதிமன்றம் ஏறியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஆசிரியர் வகுத்த பாடத்திட்டத்திற்கு ஏற்ப, பல நூல்களிலிருந்து சில சில பகுதிகளைப் படியெடுத்து, ஒன்றாகக் கட்டி, குறைந்த கட்டணத்தில் மாணவர்க்கு அக்கடை வழங்கிவந்தது. 2012ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. மாணவர்கள் தாமே சங்கம் அமைத்து வழக்கில் இணைந்து வாதாடினர். பேராசிரியர் அமர்த்தியா சென் அவர்கள் வழக்கை மறுபரிசீலனை செய்யுமாறு பதிப்பகத்தாரைக் கேட்டுக்கொண்டார். நூலாசிரியர்களே நகலெடுக்கும் மாணவர் பக்கம் நின்ற காட்சி நம் சிந்தனைக்கு உரியது.

கல்வி பயிற்றும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. அதனைச் சுட்டி, 2016 செப்டம்பர் 16ஆம் நாள் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயமும் இக்கொள்கையை ஏற்றது. எனினும், படியெடுத்த பகுதிகள் பாடத்திற்கு உண்மையில் தேவைப்பட்டனவா என்பதை விசாரிக்க வேண்டுமெனக் கூறிற்று. 2017 மார்ச்சில் பதிப்பகத்தார் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஒரு சிறு கடையின் பொருட்டு எழுந்த வழக்கு, நாடெங்கும் உள்ள மாணவர்க்கு நிழல் தரும் மரமாயிற்று.

ஆனால் அந்நிழல் வகுப்பறை அளவிலேயே நிற்பது. ஆய்விதழ்களின் சந்தாச் சுமை வேறு. அதனைக் குறைக்க மைய அரசு ஒரு வழி கண்டது. 2024 நவம்பர் 25ஆம் நாள் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300க்கு மேற்பட்ட அரசுக் கல்வி நிலையங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ள சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய நிலையங்கள் மட்டுமே வாங்கக்கூடிய இதழ்கள் சிற்றூர் அரசுக் கல்லூரிக்கும் எட்டுகின்றன என்பது பாராட்டத்தக்கதே. திருநெல்வேலியில் பயிலும் மாணவியும் தில்லியில் பயிலும் மாணவியும் ஒரே கட்டுரையை ஒரே நாளில் படிக்க முடிவது சிறிய செய்தியன்று.

பாராட்டிய பின் எண்ணிப் பார்த்தலும் நம் கடமை. ஆண்டுக்கு 2,000 கோடி என்ற கணக்கில் நாம் கட்டுவது வாடகையே, வீடு நமதாவதில்லை. மூன்றாண்டு முடிந்ததும் மீண்டும் பேரம், மீண்டும் பணம். மேலும், இவ்வாயில் நிலையங்களில் சேர்ந்தவர்க்கே திறக்கிறது. தனியார் கல்லூரியில் பயில்வோர் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், தனித்து ஆராயும் தமிழறிஞர், சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவர், பத்திரிகையாளர், நம் காலனியில் உள்ள குடும்பத் தலைவி ஆகிய எவருக்கும் அங்கே இடமில்லை. வரி செலுத்துவோர் இவர்களும் அல்லரோ?

வாயில் அடைபட்டால் மதில் ஏறுவோர் தோன்றுவர். 2011இல் கசகஸ்தான் நாட்டுப் பெண் அலெக்சாண்டிரா எல்பாக்கியான் 'சை-ஹப்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, இலட்சக்கணக்கான கட்டுரைகளைப் பதிப்பகத்தாரின் இசைவின்றி எவரும் படிக்க வைத்தார். எல்சவியர், வைலி நிறுவனங்களும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டத்தை மீறுதல் வழியன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கற்க வேண்டுமென்ற பசியால் இத்தனை பேர் மதில் ஏறினர் என்றால், வாயிலை அமைத்த முறையிலும் குறை இருத்தல் வேண்டும்.

நேர்வழி ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டிலேயே பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், கட்டுரைகளை எழுதியவுடன் யாவரும் படிக்குமாறு கணிப்பொறிவழி வைக்கும் களஞ்சியம் ஒன்றை அமெரிக்காவில் நிறுவினார். அதுவே இன்று 'ஆர்க்கைவ்' எனப் புகழ்பெற்று விளங்குகிறது. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வெளிவந்து, இக்கொள்கைக்கு ஒரு பெயரும் இலக்கணமும் தந்தது. திறந்த அணுக்கம் என்று அதனைத் தமிழில் வழங்குகின்றனர். ஆய்வுக் கட்டுரையை எவரும், எங்கிருந்தும், கட்டணமின்றிப் படிக்கலாம், படியெடுக்கலாம், பிறர்க்கு அளிக்கலாம். எழுதியவர் பெயரைச் சிதைக்காமல் போற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். சந்தா, வீட்டாருக்கு மட்டும் விலைக்கு வாங்கி வைத்த குடிநீர். திறந்த அணுக்கமோ கோடையில் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல். அங்கே, நீ எந்தக் கல்லூரி என்று கேட்பார் இல்லை.

இதிலும் முள் உண்டு. படிப்போர் கட்டிய பணத்தை எழுதுவோர் கட்டட்டும் என்று சில பதிப்பகத்தார் ஏற்பாட்டை மாற்றினர். 'நேச்சர்' இதழ் ஒரு கட்டுரையைத் திறந்த நிலையில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் என 2020இல் அறிவித்தது. நம் நாட்டு இளம் ஆய்வாளர் ஒருவர் எங்கே போவார்? மறுபுறம், பணம் கொடுத்தால் எதனையும் மதிப்பிடாமல் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. நம் பிள்ளைகள் சிலர் பட்டம் பெறும் அவசரத்தில் அவ்வலையில் விழுகின்றனர். வாயில் திறந்திருத்தல் வேண்டும். உள்ளே பரிமாறும் உணவும் தூயதாயிருத்தல் வேண்டும்.

இரண்டும் இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. சர் சி. வி. இராமன் அவர்கள் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, தன் இதழ்களை எழுதுவோரிடமும் படிப்போரிடமும் பணம் கேளாமல் தன் இணையத்தளத்தில் வைத்துள்ளது. இத்தில்லியில் 1952இல் இன்ஸ்டாக் என்னும் அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பெற்றது. வேண்டிய கட்டுரைகளின் படிகளைத் தருவித்து ஆய்வாளர்க்கு அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அம்மரபில் வந்த நிறுவனம் இன்று தன் ஆய்விதழ்களை இணையத்தில் கட்டணமின்றி அளிக்கிறது. 'சோத்கங்கா' என்ற களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. உயிரித்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், தம் நிதியால் விளைந்த கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் வைக்க வேண்டுமென 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்தன. கொள்கை உண்டு, கைக்கொள்வோர் இன்னும் பெருக வேண்டும்.

தமிழர்க்கோ இஃது அயலார் கற்பித்த பாடமன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் கைக்கொண்டு, பின்னர் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. 1998இல் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 'மதுரைத் திட்டம்' தொடங்க, பல நாட்டுத் தமிழரும் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பொதுவில் வைத்தனர். ஈழத்தமிழர் 2005இல் 'நூலகம்' என்னும் இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினர். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரியுண்ட வேதனையை அறிந்த மக்கள், ஏடு ஓரிடத்தில் பூட்டப்பட்டிருத்தல் ஆபத்து என்பதைப் பிறரினும் நன்கு உணர்ந்தவர்கள்.

எழுதிப் பிழைக்கும் புலவனின் வருவாயைப் பறிக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். முறையான கேள்வி. கதையாசிரியரும் பாடநூல் ஆசிரியரும் நூல் விற்பனையால் வாழ்வோர். அவர்தம் உரிமை காக்கப்படுதல் நீதி. ஆய்வுக் கட்டுரை எழுதுவோர்க்கோ அதன் விற்பனையால் வரும் காசு ஒன்றுமில்லை. பலரும் படிப்பதே அவர் பெறும் கூலி. பதிப்பகத்தாரும் செப்பம் செய்து, ஒழுங்குபடுத்தி, காத்து வைக்கின்றனர். அவ்வுழைப்பிற்கு நியாயமான விலை தருதல் தகும். பொதுப் பணத்தில் பிறந்த அறிவைப் பூட்டி வைக்கும் உரிமை மட்டும் அவ்விலையில் அடங்காது.

இனி, நம் சங்கம் செய்யக்கூடியவை யாவை? மூன்றைச் சொல்லி அமைவோம்.

முதலாவது, ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் தம் கட்டுரையின் இறுதிப் படியைத் தம் நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பழக வேண்டும். பல பதிப்பகத்தார் இதற்கு, சில வேளைகளில் ஒரு கால எல்லை வைத்து, இசைவு தருகின்றனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதனைப் படித்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, பணம் கேட்டு அவசரப்படுத்தும் இதழுக்குக் கட்டுரை அனுப்புமுன், அதன் ஆசிரியர் குழு யார், மதிப்பீடு நடக்கிறதா என்று மூத்தோரிடம் கேட்க வேண்டும். நம் உறுப்பினருள் பேராசிரியர் பலர் உள்ளனர். திங்களுக்கு ஒருநாள் மாலை மாணவர்க்கு அவர்கள் வழிகாட்டினால், அதைவிடச் சிறந்த ஆண்டு விழா வேறில்லை.

மூன்றாவது, நம் வீட்டைப் பற்றியது. வேலை தேடித் தில்லிக்கு வந்த தமிழர் எங்கே குடியேறினர், பள்ளியும் கோயிலும் எவ்வாறு எழுப்பினர் என்ற செய்திகளுள் பல சங்கங்களின் ஆண்டு மலர்களில் மட்டுமே உள்ளன. அவை இன்று அலமாரிகளில் கரையானுக்கு அஞ்சிக் கிடக்கின்றன. எழுதியோரிடமோ அவர்தம் வழித்தோன்றல்களிடமோ இசைவு பெற்று, அம்மலர்களை ஒளிப்படமாக்கிப் பொதுவில் வைப்போமாக. வாயிலைத் திறக்குமாறு பிறரைக் கேட்கும் நாம், நம் அலமாரியின் பூட்டை முதலில் திறத்தல் முறையன்றோ?

நாளை, இந்நகரில் தமிழர் வாழ்ந்த வரலாற்றை ஆராய விரும்பும் ஒரு பெண், சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமர்ந்து நம் மலர்களைப் படிக்கட்டும். அவள் எழுதும் ஆய்வை நம் பேரப்பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கட்டும்.