சிறு பயணத்துக்கு ஏற்ற வண்டி



முப்பது கிலோமீட்டர் தூரம் சென்று திரும்பும் புகைவண்டிக்கு எது மிகவும் வேண்டும்? வேகம் என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். நான் அவ்வாறு கருதவில்லை. சிறு சிறு நிலையங்களில் நின்று நின்று செல்லும் வண்டி, தன் முழு வேகத்தை எட்டுவதே அரிது. நின்ற இடத்திலிருந்து விரைந்து கிளம்புவதும், சேர்ந்த இடத்திலிருந்து தாமதமின்றித் திரும்புவதுமே அதற்கு வேண்டிய குணங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. முனையில் இருபது நிமிடம் நிற்கிறது என்றால், பன்னிரண்டு மணி நேரத்தில் அவ்வண்டி பன்னிரண்டு நடை ஓடும். நிற்கும் நேரம் ஐந்து நிமிடமாகக் குறைந்தால், அதே வண்டி பதினாறு நடை ஓடும்!

நீராவி இன்ஜினுக்கு இது எளிதன்று. இன்ஜினைக் கழற்றி, வேறு தண்டவாளத்தின் வழியே மறுகோடிக்குக் கொணர்ந்து பூட்ட வேண்டும். தண்ணீரும் நிரப்ப வேண்டும். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியதும் அங்கே இத்தொல்லை நீங்கிற்று. அவ்வண்டியின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து சென்றால் போதும்.

மின்கம்பி இல்லாத பாதைக்கு என்ன வழி? டீசல் தொடர்வண்டியே அதற்கு விடை. இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த அத்தகைய வண்டிகளை இலங்கை 1938இலேயே ஓட்டியது. 1957இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலும் அவ்வகை வண்டிகள் ஓடலாயின. பிற்காலத்தில் 205ஆம் வகுப்பு எனப் பெயர் பெற்றவை இவையே. பெட்டியின் ஒரு பகுதியில் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம் இருக்கும். அது மின்னாக்கியைச் சுழற்றும். அம்மின்சாரம் மோட்டார்களை இயக்கிச் சக்கரங்களை உருட்டும். ஒரு சிறு மின்நிலையத்தையே வண்டி தன்னுடன் சுமந்து சென்றது எனலாம். 'தம் தம்' என்ற அதன் ஓசையைக் கேட்ட மக்கள் 'தம்பர்' என்று அதற்குப் பெயரிட்டனர்.

தொடக்கத்தில் அவற்றுக்கு இரண்டே பெட்டிகள். ஒழுங்கான இடைவெளியில் வண்டிகள் ஓடியதும் பயணிகள் பெருகினர். மூன்றாம் பெட்டியைச் சேர்க்க நேர்ந்தது. பயணிகள் இல்லை என்று பல பாதைகளை மூடுமாறு 1963இல் பீச்சிங் அறிக்கை பரிந்துரைத்த நாடும் அதுவே. வண்டி அடிக்கடி வந்தால்தானே மக்கள் அதை நம்பி வருவர்? இதை நாம் மறத்தலாகாது. தம்பர் வண்டிகள் 2004 வரை உழைத்தன.

நம் நாட்டில், 1955இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை பிற்காலத்தில் இதே முறையில் 'டெமு' வண்டிகளைச் செய்தது.

நான் வாழும் அமராவதி நகருக்கு இருப்புப்பாதை இல்லை. பேருந்தில் உடுமலைப்பேட்டை சென்றே வண்டி ஏற வேண்டும். அவ்வழியே செல்லும் பாதை 2015இல் அகலப்பாதையாகத் திறக்கப்பெற்றது. திருப்பூர்ப் பனியன் தொழிலாளி மாலையில் வண்டியைத் தவறவிட்டால், அடுத்தது எப்போது என்பதே அவர் முதலில் கேட்கும் கேள்வி. அந்த இடைவெளி அவருடைய உறக்கத்திலிருந்தும், குழந்தைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தும் கழிகிறது.

பொறியியல் பயிலப்போகும் உங்களுக்கு ஒரு சொல். ஒரு வண்டியின் சிறப்பை அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் அளவிடாதீர்கள். ஒரு நாளில் அது எத்தனை முறை வருகிறது என்பதையும் கேளுங்கள்.